ஓவனில் பொங்கும் டச் பேபி: எனக்கு மட்டும் ஏன் அடை மாதிரி வருகிறது?

பாளை மைனி
வெள்ளி, இரவு 9.35

லீவுக்கு வந்திருக்கும் நாத்தனார் மகள் போனில் ஒரு பலகாரத்தைக் காட்டி, "அத்தை, இதைச் செஞ்சு தாங்க" என்றாள். டச் பேபி என்று பெயராம். முட்டை, மைதா, பால் கரைத்து, சூடான சட்டியில் ஊற்றி ஓவனில் வைத்தால் ஓரமெல்லாம் கிரீடம் மாதிரி எழும்பி நிற்கிறது. மேலே பழத்தை வெட்டிப் போட்டுச் சாப்பிடுகிறார்கள். சரி, இதில் என்ன பெரிய கம்பசூத்திரம் என்று நினைத்துவிட்டேன்.

நான் செய்தது: மூன்று முட்டை, அரை கப் மைதா, அரை கப் பால், ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு. மத்தால் கடைந்தேன். எங்களுடையது 28 லிட்டர் ஓடிஜி, கரண்டில் ஓடுகிற சின்ன ஓவன். கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தபடி 220-இல் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்கினேன். எட்டு அங்குல கேக் டின்னில் வெண்ணெய் தடவி மாவை ஊற்றி, ஒரு பங்கனப்பள்ளியை அறுத்து மேலே பரத்தி உள்ளே வைத்தேன். சாயங்காலம் ஏழு மணி இருக்கும். 20 நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒரு விரல்கடைகூட எழும்பவில்லை. ஓரம் லேசாகச் சுருண்டிருக்கிறது, நடுவில் மாம்பழத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. இன்னும் பத்து நிமிடம் விட்டேன். ரப்பர் செருப்பு.

ஆச்சி ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு, "முட்டை அடையாட்டி இது? அப்படின்னா ரெண்டு வெங்காயத்த அரிஞ்சு போட்டிருக்கலாம்லா" என்றார்கள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். எங்கே தப்பு? ஆப்பசோடா ஏதும் போட வேண்டுமா?

தென்காசிச் சாரல்
வெள்ளி, இரவு 9.58

சோடா வேண்டாம் மைனி. பேக்கிங் பவுடரும் வேண்டாம். அளவும் சரிதான், நானும் அதேதான் போடுவேன். ஆனால் பழத்தை யார் முதலிலேயே போடச் சொன்னது? மாம்பழம் சூட்டில் தண்ணீர் விடும். எழும்பப் பார்க்கிற மாவின் தலையில் ஈரத்துணியைப் போர்த்தின மாதிரி ஆகிவிடும். பழம் கடைசியில்தான், சட்டி வெளியே வந்தபிறகு.

ஆப்பிள், பேரிக்காய் மாதிரி கெட்டியான பழத்தை வெண்ணெயில் வதக்கி அடியில் வைத்து, மேலே மாவு ஊற்றுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தாலும் உயரம் கொஞ்சம் குறையும்.

பழையது பிரியன்
வெள்ளி, இரவு 10.12

ஆப்பச்சட்டி இருக்கிறது, பணியாரக்கல் இருக்கிறது, இடியாப்ப உரல் இருக்கிறது. இதெல்லாம் இருக்க ஒரு வெள்ளைக்காரன் தோசைக்காக 30 நிமிடம் கரண்டைக் கொளுத்த வேண்டுமா? பணியாரம் சுட்டுக் கொடுங்கள், பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு தின்னும்.

பாளை மைனி
வெள்ளி, இரவு 10.15

அண்ணாச்சி, பணியாரம் போன வாரமே சுட்டாச்சு.

வேதியியல் வாத்தி
வெள்ளி, இரவு 10.47

இந்த மாவைத் தூக்குவது நீராவி மட்டும்தான். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர், பாலில் 87 சதவீதம் தண்ணீர். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் பிடிக்கும். அந்த ஆவி வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைக்கிற பை, முட்டையின் புரதமும் மைதாவின் பசைப் புரதமும் சேர்ந்தது. நம்மூர் அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழியும்போது கையில் சவ்வு மாதிரி ஒட்டுகிறதே, அந்தப் பசைதான்.

இதில் நேரம் முக்கியம். முட்டை வெள்ளை 60 டிகிரி தாண்டியதுமே இறுகத் தொடங்கும். ஆவி வலுவாகக் கிளம்ப 100 வேண்டும். சூடு மெதுவாக ஏறினால், ஆவி வருவதற்கு முன்பே முட்டை இறுகி உட்கார்ந்துவிடும், பை ஊதாது. மைனிக்கு நடந்தது இதுதான். அதனால் மாவு விழுகிற பாத்திரம் முதலிலேயே பழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். மைனி அடுப்பைச் சூடாக்கியிருக்கிறார்கள், டின்னைச் சூடாக்கவில்லை. ஆறின டின்னில் மாவை ஊற்றினால் அது அடைதான். ஆச்சி சொன்னது அறிவியல்.

இன்னொன்று, அடுப்பின் முள்ளை நம்பாதீர்கள். சர்க்கரை 186 டிகிரியில் உருகும். அலுமினியத் தாளில் ஒரு சின்னக் கிண்ணம் செய்து ஒரு தேக்கரண்டி சீனி போட்டு, முள்ளை 190-இல் வைத்து 20 நிமிடம் விட்டுப் பாருங்கள். உருகினால் அடுப்பு ஏறத்தாழ யோக்கியம். மணல் மாதிரி அப்படியே கிடந்தால் முள் பொய் சொல்கிறது.

தாழையூத்தான்
சனி, காலை 6.20

நான் ஊரை விட்டு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இப்போது இருப்பது சியாட்டில். தற்செயலாக இந்தப் பலகாரத்துக்குச் சொந்த ஊரும் இதுதான் என்பதால் நாலு வரி.

பெயரில் டச் இருந்தாலும் ஹாலந்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூலம் ஜெர்மன்காரர்களின் அப்பம். இங்கே மான்காஸ் கஃபே என்று ஒரு குடும்ப உணவகம் இருந்தது. அதை நடத்திய விக்டர் மான்காவின் மகள் 'டாய்ச்' என்ற சொல்லைச் சரியாகச் சொல்ல வராமல் 'டச்' என்றாள், அதுவே நிலைத்துவிட்டது என்று கதை. டாய்ச் என்றால் ஜெர்மன் மொழியில் ஜெர்மன் என்றுதான் பொருள். டச் பேபி என்ற வணிகப் பெயர் 1942 முதல் தங்களுக்கே உரியது என்று அந்த உணவகத்தார் சொல்லிவந்தார்கள். முதலில் சின்னச் சின்னதாக ஒரு தட்டில் மூன்று வைத்து, எலுமிச்சைச் சாறும் பொடித்த சீனியும் தூவிக் கொடுத்தார்களாம். அதனால்தான் பேபி. இப்போது ஒரு சட்டி அகலத்துக்கு ஒரே பேபிதான், அதுவும் நல்ல புஷ்டியான பேபி.

இங்கே எல்லோரும் கனமான வார்ப்பு இரும்புச் சட்டியில்தான் செய்கிறார்கள். கேக் டின் தகடு லேசு, மாவு விழுந்ததும் குளிர்ந்துவிடும். நம் வீட்டு இருப்புச் சட்டி தட்டையான அடியோடு, இரண்டு அங்குலச் சுவரோடு இருந்தால் அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. மூன்று முட்டைக்குப் பத்து அங்குலச் சட்டி. எட்டு அங்குல டின்னில் மாவு கனமாக நிற்கும், நடு வேகாது.

எக்காரணத்துக்கும் கண்ணாடிப் பாத்திரத்தைக் காயவைத்து அதில் குளிர்ந்த மாவை ஊற்றாதீர்கள். என் அறைத்தோழன் ஊற்றினான். அன்று ராத்திரி முழுக்க அடுப்புக்குள் கண்ணாடித் துண்டு பொறுக்கினோம்.

கல்லிடை அப்பளம்
சனி, காலை 7.05

முட்டை இல்லாமல் வருமா? எங்கள் ஆத்தில் முட்டை உள்ளே வராது. தயிர், வாழைப்பழம் என்று ஏதாவது வைத்து?

வேதியியல் வாத்தி
சனி, காலை 7.30

வராது மாமி. கேக்கில் முட்டைக்குப் பதில் தயிரும் சோடாவும் ஒப்பேறும். இதில் பையே முட்டைதான். அதை எடுத்துவிட்டால் ஊதுவதற்கு ஒன்றும் இல்லை. எதையாவது ஊற்றி வேகவைக்கலாம், ருசியாகக்கூட இருக்கும், ஆனால் எழும்பாது.

கல்லிடை அப்பளம்
சனி, காலை 7.34

நேர்மையான பதில். நான் பழத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வைண்டிங் அண்ணாச்சி
சனி, காலை 8.50

வாத்தியார் சொன்னதெல்லாம் சரி. ஆனால் யாரும் மைனியிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. சாயங்காலம் ஏழு மணி என்று எழுதியிருக்கிறார்கள். கோடையில் ஏழு மணிக்கு உங்கள் தெருவில் வோல்டேஜ் எவ்வளவு?

வண்ணாரப்பேட்டையில் 32 வருடமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல், மே வந்தால் எரிந்த மோட்டார் வரிசையாக வரும். வீட்டுக்கு வீடு ஏசி ஓடுகிற நேரம் அது. வோல்டேஜ் குறைந்தால் வாட்டும் அதே கணக்கில் குறையும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இருமடியில் குறையும். உங்கள் அடுப்பு 230 வோல்ட்டில் 1,600 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 185 வோல்ட்டில் அது சுமார் 1,035 வாட்தான் தரும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போச்சு. பத்து நிமிட முன்சூடு என்று புத்தகத்தில் போட்டவன் 230 வருகிற ஊரில் இருந்துகொண்டு போட்டிருக்கிறான்.

பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் இருந்தால் அதில் நம்பர் ஓடும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வேதியியல் வாத்தி
சனி, காலை 9.15

அண்ணாச்சி, ஒரு சின்ன மறுப்பு. அடுப்பில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. வாட் குறைந்தாலும் 220 வரும் வரை கம்பி எரிந்துகொண்டேதான் இருக்கும். நேரம் கூடும், அவ்வளவுதான்.

வைண்டிங் அண்ணாச்சி
சனி, காலை 9.22

அதைத்தானே வே நானும் சொல்லுதேன். நேரம் கூடும், மைனி நேரம் கொடுக்கவில்லை. பத்து நிமிடம் ஆனதும் டைமர் மணி அடிக்கும், கதவைத் திறந்திருப்பார்கள். மாவை வைக்கக் கதவைத் திறந்தால் இருக்கிற சூட்டில் பாதி முகத்தில் அடித்து வெளியே போகும். அதைத் திரும்ப ஏற்ற 1,600 வாட் அடுப்புக்குக் கொஞ்ச நேரம், 1,035 வாட் அடுப்புக்கு ரொம்ப நேரம். அதற்குள் நீங்கள் சொன்ன முட்டை இறுகிவிடாதா?

வேதியியல் வாத்தி
சனி, காலை 9.25

ஒப்புக்கொள்கிறேன்.

பாளை மைனி
சனி, இரவு 8.10

அண்ணாச்சி, நீங்கள் கடையில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டு ஸ்டெபிலைசரைப் பார்த்தீர்களா? சாயங்காலம் 7.05-க்கு 184. இன்று காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது 228 இருந்தது.

சீனிச் சோதனையும் செய்தேன். காலையில்தான் செய்தேன், ஆகவே வோல்டேஜைக் குறை சொல்ல முடியாது. 190-இல் 20 நிமிடம், சீனி அப்படியே இருந்தது, ஓரத்தில் மட்டும் லேசாக வேர்த்த மாதிரி. 200-இல் வைத்தேன், அதே கதை. 210-இல் வைத்ததும் பத்து நிமிடத்தில் பாகாகிவிட்டது. ஆக முள்ளும் இருபது டிகிரி பொய். வாங்கி மூன்று வருடம் ஆகிறது, இத்தனை நாள் கேக்கெல்லாம் நடுவில் பச்சையாக இருந்ததற்கு என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

வள்ளியூர் பேக்கரித் தம்பி
சனி, இரவு 10.40

கடை அடைத்துவிட்டு இப்போதுதான் படித்தேன். எங்கள் கடையில் விறகு போட்டு எரிக்கிற செங்கல் அடுப்பு, அதில் முள்ளும் கிடையாது, டிகிரியும் கிடையாது. கங்கை ஒதுக்கி அடுப்பைத் துடைத்ததும் ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே தரையில் தூவுவோம். உடனே கருகினால் பொறுக்க வேண்டும். பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் பொன்னிறமானால் பன் வைக்கலாம். வெள்ளையாகவே கிடந்தால் விறகு பத்தவில்லை, மேஸ்திரி திட்டுவார்.

அக்கா, உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கரண்டை நம்பாதீர்கள். இருப்புச் சட்டியைக் கேஸ் அடுப்பில் காயவைத்துவிடுங்கள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பீர்கள் அல்லவா, அதே சோதனை. தண்ணீர் 'சொய்ங்' என்று இரைந்து அடங்கினால் அது தோசைச் சூடு, இதற்குப் பத்தாது. துளி அடங்காமல் முத்து மாதிரி உருண்டு ஓடினால் அதுதான் சூடு. அப்போது இரண்டு கரண்டி நெய், உடனே மாவு, நேராக ஓவன்.

வெண்ணெய் வேண்டாம், நெய் போடுங்கள். அந்தச் சூட்டுக்கு வெண்ணெயில் இருக்கிற பால் சத்து கரிந்து கசக்கும்.

தென்காசிச் சாரல்
ஞாயிறு, காலை 6.45

மாவை அரைமணி நேரம் ஊறவிடுங்கள். முட்டையும் பாலும் பிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லிப்போடு இருக்கக் கூடாது. கட்டி தட்டினால் மிக்ஸியில் ஒரு சுற்று போதும். பதம் எப்படி என்றால் ஆப்பமாவை விட நீர்க்க, கரண்டியிலிருந்து பால் பாயசம் மாதிரி விழ வேண்டும்.

பாளை மைனி
ஞாயிறு, காலை 9.30

இரண்டாம் முயற்சி. எழும்பியது! ஆனால் வீடு முழுக்கப் புகை.

காலை 7 மணி, 226 வோல்ட். முள்ளை 240-இல் வைத்து 25 நிமிடம் சூடாக்கினேன். மாமியார் காலத்து இருப்புச் சட்டியைக் கேஸில் காயவைத்தேன். துளி உருண்டு ஓடியது, பிள்ளைகள் அதைப் பார்க்கவே இன்னும் நாலு தடவை தெளித்தார்கள். நெய், மாவு, ஓவன். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றோம். நாலு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஓரம் மெதுவாகச் சுவரேறியது. எட்டாவது நிமிடம் ஒரு பக்கம் மட்டும் தவளைத் தொண்டை மாதிரி உப்பி, மேல் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது! தீய்ந்த வாடை, கருப்புப் புகை. பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். 'புஸ்'. அவ்வளவுதான், கண்முன்னால் அமுங்கிவிட்டது.

கருகினதைச் சுரண்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டோம். ஓரம் முறுமுறுவென்று அருமை. நடுவில் மட்டும் இன்னும் ஈரம்.

வள்ளியூர் பேக்கரித் தம்பி
ஞாயிறு, மதியம் 2.20

தட்டை எந்த வரிசையில் வைத்தீர்கள்? நடு வரிசையாகத்தான் இருக்கும். வீட்டு ஓடிஜி ஒரு சின்னப் பெட்டி. இதை அடி வரிசையில் வைக்க வேண்டும். சூடாக்கும்போது மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும், மாவு உள்ளே போனதும் கீழ்க் கம்பிக்கு மாற்றிவிடுங்கள். மேலே நிறம் பத்தவில்லை என்றால் கடைசி இரண்டு நிமிடம் இரண்டையும் போட்டால் போதும். ஒரு பக்கம் மட்டும் எழும்புவது அந்தப் பக்கம் சூடு அதிகம் என்பதால். பெரும்பாலும் உள்மூலை. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, கோணல் கிரீடம் அழகுதான்.

தாழையூத்தான்
ஞாயிறு, மாலை 6.05

அமுங்கியதற்குக் கதவு பாதிக் காரணம். மீதி, அது எப்படியும் அமுங்கும். 18, 20 நிமிடம் முழுசாக வெந்து பொன்னிறமாக வெளியே வந்தாலும் இரண்டே நிமிடத்தில் நடு உட்கார்ந்துவிடும். ஆவி குளிர்ந்தால் பை சுருங்கத்தானே செய்யும். அந்தக் குழிதான் பழம் வைக்கிற இடம். ஆட்களை முதலில் மேசையில் உட்காரவைத்துவிட்டு அப்புறம் ஓவனைத் திறக்க வேண்டும், சாம்பார் தாளிக்கும்போது இலை போடுகிற மாதிரி.

மேலப்பாளையம் வட்டலப்பம்
ஞாயிறு, இரவு 9.15

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் வட்டலப்பத்துக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்வது பழக்கம்தானே, அந்தத் துணிச்சல். முதல் பால் ஊற்றினது எழும்பவில்லை, கொழுப்பு கனம். இரண்டாம் பால் ஊற்றினது நன்றாகவே வந்தது, வாசனையும் தூக்கல்.

முட்டை வாடை பிடிக்காதவர்களுக்கு: வெனிலா எசென்ஸை விட ஏலக்காய் இரண்டும் ஜாதிக்காய் ஒரு உரசலும் நன்றாகக் கேட்கிறது. எலுமிச்சைத் தோலின் மஞ்சளை மட்டும் துருவி மாவில் போட்டாலும் சரி, வெள்ளைப் பகுதி கசக்கும். புளியங்குடிப் பக்கம் சொந்தம் இருந்தால் நல்ல பழமாக ஒரு பை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதி மைதா பாதி கோதுமை மாவு போட்டும் பார்த்தேன். தவிடு இருப்பதால் பாதி உயரம்தான். உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு சாப்பிடலாம்.

கல்லிடை அப்பளம்
திங்கள், காலை 7.40

மேலே என்ன பழம் என்று யாரும் பேசவே இல்லையே. எனக்குப் பேச உரிமை உள்ள இடம் அது ஒன்றுதான்.

தென்காசிச் சாரல்
திங்கள், காலை 8.30

மாமி கேட்டதால் சொல்கிறேன், இதில்தான் நம்மூர்க்காரனுக்கு யோகம். வீடியோவில் ஸ்ட்ராபெர்ரியும் புளூபெர்ரியும் வைப்பார்கள். இங்கே டப்பாவில் வருகிற ஸ்ட்ராபெர்ரிக்குக் கொடுக்கிற காசில் நாலு கிலோ மாம்பழம் வரும்.

இப்போதைக்குச் சப்பட்டை மாம்பழம். ராஜபாளையம் பக்கத்திலிருந்து வருவது. சாறும் மணமும் அதிகம், துண்டு கெட்டியாக நிற்காது, ஆனால் குழியில் கிடப்பதற்கு அதுதான் நல்லது. பங்கனப்பள்ளி துண்டு போட அழகு, வாசம் ஒரு படி கம்மி. மாம்பழத்தை வெட்டி, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, ஒரு துளி உப்பு போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் தானாகப் பாகு விடும். தனியாகச் சீனிப்பாகு வேண்டாம்.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கடைக்குக் கடை வரும். மங்குஸ்தான் சுளையை அப்படியே வைக்கலாம், அதன் புளிப்பு இந்த முட்டை அப்பத்துக்கு ரொம்பப் பொருத்தம். ரம்புட்டான் கொட்டை எடுப்பதற்குள் அப்பம் ஆறிவிடும். பலாச்சுளை மெல்லிசாகக் கீறிப் போட்டால் நல்லது, ஆனால் வேறு எந்த வாசனையையும் அது விடாது. செங்கோட்டை வழியாக வருகிற அன்னாசியை நெய்யில் வதக்கிப் போட வேண்டும், பச்சையாகப் போட்டால் நாக்கை அறுக்கும்.

நுங்கு போட்டுப் பார்த்தேன். செய்யாதீர்கள். வழுக்கிக்கொண்டு தரைக்குப் போனது.

மேலப்பாளையம் வட்டலப்பம்
திங்கள், காலை 8.55

செவ்வாழையை நீளவாக்கில் கீறி, நெய்யில் இரண்டு பக்கமும் சிவக்கவிட்டு, கருப்பட்டித் தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றி இறக்குங்கள். கருப்பட்டியை மறக்காமல் கரைத்து வடிகட்ட வேண்டும், மண் இருக்கும். நல்ல உடன்குடிக் கருப்பட்டிக்குப் பொடித்த சீனி கிட்டே வர முடியாது.

பழையது பிரியன்
திங்கள், காலை 9.10

கருப்பட்டி, வாழைப்பழம், ஏலக்காய், தேங்காய்ப்பால், நெய். பணியாரம் என்று சொல்வதற்கு ஏன் இவ்வளவு வெட்கம்?

பாளை மைனி
புதன், காலை 8.20

மூன்றாவது. இந்தத் தடவை எழும்பி, புகையாமல், வெந்து வந்தது.

மாவை முந்தின நாள் ராத்திரியே கலந்து பிரிட்ஜில் வைத்துவிட்டேன், காலையில் ஒரு மணி நேரம் வெளியே வைத்தேன். 6.30-க்கு அடுப்பு, முள் 240, அடி வரிசை. சட்டியைக் கேஸில் காயவைத்தேன். மாவு உள்ளே போனதும் கீழ்க் கம்பி மட்டும். 18 நிமிடம் யாரும் கதவைத் தொடக் கூடாது என்று சின்னவனைக் காவல் நிறுத்தினேன். அவன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, 'இப்ப வலது பக்கம் ஏறுது, இப்ப இடது பக்கம்' என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். கடைசி இரண்டு நிமிடம் மேல் கம்பியும். வெளியே எடுத்ததும் அவனுடைய ஸ்கேலை வைத்து அளந்தோம்: உயரமான இடத்தில் ஏழரை சென்டிமீட்டர். அளந்துகொண்டிருக்கும்போதே ஐந்துக்கு வந்துவிட்டது.

சப்பட்டை மாம்பழம், எலுமிச்சை, கருப்பட்டித் தூள். நாத்தனார் மகள் போட்டோ எடுக்கிறேன் என்று நின்றாள், எடுத்து முடிப்பதற்குள் பாதி காலி.

சட்டியின் காது சூடாக இருந்ததை மறந்து வெறுங்கையால் தொட்டுவிட்டேன். எல்லோரும் கனமான துணி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்து மேசையில் வைத்தபிறகும் அது கால்மணி நேரம் சுடும். காதின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவது நல்லது.

வேதியியல் வாத்தி
புதன், காலை 8.45

வாழ்த்துகள். இதன் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் இங்கிலாந்தில் இருக்கிறான், யார்க்‌ஷயர் புட்டிங் என்று பெயர். ஏறக்குறைய இதே மாவு, இனிப்புக் கிடையாது, மாட்டிறைச்சிக் கொழுப்பைக் காயவைத்து ஊற்றுவார்கள். நாலு அங்குலத்துக்குக் குறைவாக எழும்பினால் அது யார்க்‌ஷயர் புட்டிங்கே அல்ல என்று 2008-இல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி அறிவித்தது. நிஜமாகத்தான், வேதியியல் சங்கமேதான். நாலு அங்குலம் என்றால் பத்து சென்டிமீட்டர். ஏழரைக்கு அங்கே பெயில், பாளையங்கோட்டையில் பாஸ்.

வைண்டிங் அண்ணாச்சி
புதன், காலை 9.05

வோல்டேஜ் எவ்வளவு என்று எழுதவில்லையே.

பாளை மைனி
புதன், காலை 9.08

229 அண்ணாச்சி.

தென்காசிச் சாரல்
புதன், காலை 9.20

அதெல்லாம் இருக்கட்டும். ஆச்சி என்ன சொன்னார்கள்?

பாளை மைனி
புதன், மதியம் 1.15

ஆச்சி முதலில் தொடவில்லை. நான் தட்டில் வைத்துக் கொடுத்ததை ஓரமாக நகர்த்திவிட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஓரத்தை மட்டும் நகத்தால் கிள்ளிப் பார்த்தார்கள். அது 'முறுக்' என்றது. அதைத் தின்றார்கள். இன்னொரு கிள்ளல். தன் தட்டில் ஓரம் தீர்ந்ததும் பேரன் தட்டிலிருந்து ஓரத்தை எடுத்துக்கொண்டு தன் நடுவை அவனுக்குத் தள்ளிவிட்டார்கள். கடைசியில், "நடு கொழகொழன்னு பிள்ளைக்காரிக்குக் கிண்டுன கஞ்சி மாதிரி இருக்கு. ஓரம் நல்லாருக்கு. ஓரமா மட்டும் சுட வராதாட்டி?" என்று கேட்டார்கள்.

கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறார்கள். வருமா?

வள்ளியூர் பேக்கரித் தம்பி
புதன், மதியம் 3.40

வரும் அக்கா. பாத்திரம் சின்னதானால் நடு குறையும், ஓரம் கூடும். வீட்டில் இரும்புக் குழிப்பணியாரக் கல் இருக்கிறதா? அதைக் கேஸில் இதே மாதிரி காயவைத்து, குழிக்கு அரைக் கரண்டி நெய், குழியில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம். ஓவனில் பன்னிரண்டு நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். ஒவ்வொன்றும் குட்டித் தொப்பி மாதிரி வெளியே எழும்பும். உள்ளே வெற்றிடம், சுற்றிலும் ஓரம்.

தாழையூத்தான்
புதன், இரவு 8.30

சரிதான். அந்த உணவகத்தில் முதலில் தட்டுக்கு மூன்றாகக் கொடுத்தது இந்த மாதிரிச் சின்னதாகத்தான் இருந்திருக்க வேண்டும். நீங்கள் பேபியை உண்மையான பேபி ஆக்கப் போகிறீர்கள்.

பழையது பிரியன்
புதன், இரவு 8.34

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தேகாலுக்கு நான் என்ன சொன்னேன் என்று எல்லோரும் ஒருதரம் மேலே போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

பாளை மைனி
புதன், இரவு 9.02

படித்தேன் அண்ணாச்சி, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பணியாரக் கல்லுக்கு மரக் கைப்பிடி, ஓவனுக்குள் போகாது. வீட்டுக்காரர் இப்போது திருப்புளி தேடிக்கொண்டிருக்கிறார்.